ரிங்லட் குளிருக்கு ஒரு பட்டாளத்துக் கோட்டு

தையல்கார அக்கா கோட்டின் தோள்பட்டையில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார். விரல் அந்தப் பக்கம் வந்துவிட்டது.

“தம்பி, இது கிழிசல் இல்ல. துணியே உக்கிப் போச்சு. மெஷின்ல ஓட்டினா ஊசி போன வழியெல்லாம் இன்னொரு கிழிசல் வரும். இதுக்குக் காசு வாங்க எனக்கு மனசு வரல.”

அக்கா எந்தத் துணியையும் அவ்வளவு சுலபத்தில் கைவிடுகிறவர் இல்லை. லயத்து வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை மூன்று தலைமுறைக்கு இறக்கிக் கொடுப்பவர். அவரே கையை விரித்துவிட்டால் வேறு கோட்டு தேட வேண்டியதுதான்.

அது 1997இல் கடனுக்கு வந்த கோட்டு. காய்கறி லாரி ஓட்டிய ஓர் அண்ணன் எனக்கு 40 வெள்ளி (ரிங்கிட்) தர வேண்டியிருந்தது. ஒரு நாள் விடியற்காலை, “இத வச்சுக்கப்பா, காசு பிறகு பார்ப்போம்” என்று கழற்றிக் கொடுத்தார். காசு வரவில்லை. அவரும் கோட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. அன்று நான் ஏமாந்ததாக நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்கப் பட்டாளத்தின் எம்-65. 1965இல் அறிமுகமாகி வியட்நாம் போர்க்காலத்தில் உலகமெங்கும் கண்ணில் பட்ட அதே ஆலிவ் பச்சை. முன்பக்கம் நான்கு பைகள், காலருக்குள் ஜிப்பு போட்டு மடித்து வைத்த மெல்லிய தலைமூடி, இடுப்பிலும் கீழ்விளிம்பிலும் உள்ளே இழுத்துக் கட்டும் கயிறு, பொத்தான் போட்டு மாட்டிக் கழற்றும் மெத்தை தைத்த உள்சட்டை. உள்ளே இருந்த சீட்டில் டி.எஸ்.ஏ. 100-71 என்று தொடங்கும் ஓர் எண். டி.எஸ்.ஏ. என்பது அமெரிக்கப் படைக்குப் பொருள் வாங்கிய துறை. அந்த 71தான் ஒப்பந்தம் போட்ட நிதியாண்டு. அப்படியென்றால் என்னிடம் வரும்போதே அதற்குக் கால் நூற்றாண்டு வயது. இன்னொன்று, அந்தச் சீட்டில் ஜாக்கெட் என்ற சொல்லே கிடையாது, கோட்டு என்றுதான் இருக்கும். நான் ‘கோட்டு, கோட்டு’ என்று சொல்வதைக் கேட்டு வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சீட்டைக் காட்டிய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை, அது வேறு விஷயம்.

மலேசியாவில் எதற்குக் குளிர்கோட்டு என்று கிள்ளானில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேமரன் மலைக்கு வந்து ஸ்ட்ராபெரி பறித்துவிட்டு மத்தியானமே இறங்கிவிடுகிறவர்கள் அவர்கள். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேலே 1,440 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே இரவு வெப்பநிலை 15, 16 டிகிரியைச் சுற்றி நிற்கும். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி 7.8 டிகிரி வரை இறங்கியது. நான் இருக்கும் ரிங்லட் அதே மலையில் அதைவிடத் தாழ்வு, அதனால் குளிர் ஒரு படி குறைவு. ஆனால் இங்கே ஆளை வாட்டுவது குளிர் அல்ல, ஈரம். நவம்பரில் கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் கைக்கு ஜில்லென்றே இருக்கும். பனிப்புகை கண்ணுக்குத் தெரியாமல் துணியில் இறங்கி உட்கார்ந்துவிடும். ஐரோப்பிய உறைபனிக்கென்று செய்த கோட்டெல்லாம் இங்கே வந்து முழிப்பது இதனால்தான். அவை காய்ந்த குளிருக்குப் பழகியவை.

என் பிழைப்பையும் சொன்னால்தான் கணக்குப் புரியும். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. பறித்த கொழுந்தை வாட்டும் வேலை இரவு முழுக்க நடக்கும். விசிறி நின்றால் மூன்று மணிக்கும் கூப்பிடுவார்கள். ஏரியோரமாக மோட்டார் சைக்கிளில் போனால் காற்று சட்டைக் கை வழியே முழங்கை வரை ஏறும். உள்ளே போனதும் உலர்த்தும் இயந்திரங்களின் வெக்கை. வேர்வையோடு வெளியே வந்தால் மறுபடி பனிப்புகை. ஈரக் கோட்டை அந்தச் சூட்டில் தொங்கவிட்டால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும்தான். ஆனால் விடமாட்டார்கள். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், என் கோட்டு வாடை யாருடைய தேத்தண்ணியிலும் வரக் கூடாதல்லவா. பழுது பார்ப்பது பக்கத்தில், சுவரில்லாத பட்டறையில். அங்கே கோட்டோடுதான் நிற்பேன், வெல்டிங் பொறி பறக்கும்.

ஆக எனக்கு வேண்டியவை நான்கு. ராத்திரி நனைந்தால் காலையில் காய்ந்திருக்க வேண்டும். மணிக்கட்டில் காற்று ஏறக் கூடாது. பொறி விழுந்தால் சின்னப் புள்ளியோடு நிற்க வேண்டும். ஸ்பேனரும் டார்ச்சும் போட்டால் பை தொங்கக் கூடாது. கதகதப்பு இந்தப் பட்டியலில் இல்லை. அதை உள்ளே போடும் சட்டை பார்த்துக்கொள்ளும். கடைக்காரர்கள் எல்லாரும் ‘இது ரொம்பச் சூடா இருக்கும்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

முதலில் வந்தது இலவசமாக வந்தது. கோலாலம்பூரில் வேலை செய்யும் என் கூடப்பிறந்த அக்காவின் மகன், “மாமா, இன்னும் அந்தக் கந்தலையா போடுறீங்க?” என்று ஓர் இறகு ஜாக்கெட் வாங்கி வந்தான். கையில் எடுத்தால் எடையே தெரியாது. சுருட்டினால் ஒரு பப்பாளி அளவுக்கு அடங்கிவிடும். போட்ட ஐந்தாவது நிமிடம் உடம்பு கணப்பு ஏறியது, அதை மறுக்க மாட்டேன். இறகுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் அங்கே சூட்டைப் பிடித்து வைக்கிறது. நனைந்தால் இறகு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், காற்றுக்கு இடமிருக்காது. ரிங்லட் மழையில் இரண்டு நாள் போனதும் முதுகில் அங்கங்கே உருண்டை உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நாலாம் நாள் பட்டறையில் ஒரே ஒரு பொறி இடது கையில் விழுந்தது. சத்தமே இல்லை. மிளகு அளவுக்கு ஓட்டை, ஓரம் உருகிக் கறுத்திருந்தது. அதன் வழியே வெள்ளை இறகு ஒன்று மெல்ல வெளியே வந்து, பெல்ட்டு வைத்திருந்த மேசையில் உட்கார்ந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவதை ஊதிவிட்டுச் செல்லோடேப் ஒட்டினேன். ஊருக்குப் போகும்போது, அக்கா மகன் வரும் நாள்களில், அதைப் போட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது ஜெர்மன் பட்டாளத்துப் பார்க்கா. பண்டல் கடைகளில் அடிக்கடி கண்ணில் படுவது இது. ஜப்பான், கொரியா என்று பல ஊர்களிலிருந்து மூட்டையாக வந்திறங்கும் பழந்துணியில் இதுவும் இருக்கும். ஆலிவ் பச்சை, தொடை வரை நீளம், உள்ளே ஆட்டுக்குட்டி முதுகுபோல் புசுபுசு உள்சட்டை, இரண்டு கையிலும் கறுப்பு-சிவப்பு-பொன்நிறக் கொடி. கொடியைப் பார்த்தவர்கள் என்னிடம் பந்து விளையாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கடையில் கேட்டது 80 வெள்ளி, நான் கொடுத்தது 70.

நான் பார்த்த எல்லாவற்றிலும் தையல் சுத்தம் என்றால் இதுதான். துணி மோல்ஸ்கின் என்கிறார்கள். அடர்த்தியாக நெய்து ஒரு பக்கம் வழவழப்பாகத் தேய்த்த பருத்தி. காற்று நுழையாது. பொறி விழுந்தால் பழுப்புப் புள்ளி விழும், உருகாது. இந்த ஒரு விஷயத்தில் என் பழைய கோட்டையே தோற்கடித்துவிட்டது. பை ஆழம், பொத்தான் கெட்டி. பத்து நாள் ஊரெல்லாம் இதைப் பற்றியே பேசினேன்.

பதினோராம் நாள் நல்ல மழை. பருத்தி தண்ணீரைக் குடிக்கத் தொடங்கினால் நிறுத்தாது. வீட்டுக்கு வந்து கழற்றும்போது குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் ஈரம், மூன்றாம் நாளும் ஈரம். ஐந்தாம் நாள் அக்குளுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பூஞ்சை பொட்டுப் பொட்டாக. வினிகரில் துடைத்தேன், வெயிலில் போட்டேன். பூஞ்சை போனது, வாடை போகவில்லை. கீழே ஈப்போவில் ஏர்கண்டிஷன் அறையில் வேலை செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். அடுப்படிக் கயிற்றில் காய வைக்கிறவர்களுக்கு இது ஒத்து வராது.

கம்பளி ஓவர்கோட்டு ஒன்றும் அதே கடையில் தொங்கியது. முழங்காலுக்குக் கீழே வருகிறது. அதைப் போட்டுக்கொண்டு மோட்டாரில் காலைத் தூக்கிப் போட முடியாது, அவ்வளவுதான். மெழுகு பூசிய பருத்திக் கோட்டும் அப்படியே. நம் ஊர் அலமாரியில் மடித்து வைத்தால் பிசுபிசுப்பும் பூஞ்சையும் போட்டி போடும்.

ஆனால் கம்பளியை முழுதாக ஒதுக்க மாட்டேன். பிரிட்டிஷ் பட்டாளத்துக் கம்பளிச் சட்டை, தோளிலும் முழங்கையிலும் துணி ஒட்டுப் போட்டது, 25 வெள்ளிக்குக் கிடைத்தது. கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளே இழுத்த பிறகும் தோலுக்கு நனைந்த மாதிரி தெரியாது. பொறி விழுந்தால் கருகும், உருகி ஒட்டாது. கோட்டுக்குள் போட இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. கழுத்து கொஞ்சம் குத்தும். துண்டு சுற்றிக்கொள்ள வேண்டும்.

கோர்-டெக்ஸ் படை ஜாக்கெட்டுகள் பக்கம் பலர் என்னைத் தள்ளினார்கள். தண்ணீர் உள்ளே வராது, வேர்வை ஆவி வெளியே போகும், கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்கப் படையில் 1980களில் வந்த பழைய உருப்படி ஒன்றை எடுத்து உள்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். தையல் மேல் ஒட்டிய பட்டை பாம்புச் சட்டைபோல் உரிந்து தொங்கியது. அதைக் கடைக்காரர் மேல் சொல்லக் கூடாது. பழைய மழைத்துணிகளின் பசையையும் பாலியூரித்தேன் பூச்சையும் காற்றிலுள்ள ஈரமே நாளடைவில் அரித்துப் பிசுபிசுப்பாக்கி உரித்துவிடும். சூடும் ஈரமும் சேர்ந்த நம் நாட்டில் அது இன்னும் வேகம். போடாமல் பத்திரமாகப் பெட்டியில் வைத்தாலும் உரியும். பழையதில் வாங்கக் கூடாதது ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவை செலோரெங், அதாவது பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டான பட்டாள நிறம். படைவீரர் என்று பிறரை நம்ப வைக்கும் எண்ணத்தோடு அப்படி உடுத்துவது நம் தண்டனைச் சட்டத்தின் 140ஆம் பிரிவில் குற்றம். நமக்கு அந்த எண்ணம் இல்லைதான். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குச் சாலைத் தடுப்பில் நின்று என் எண்ணத்தை விளக்கிக்கொண்டிருக்க நான் தயாரில்லை. ஒரே நிற ஆலிவ், பட்டை இல்லை, சின்னம் இல்லை என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இணையத்தில் புது எம்-65 நிறையக் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் படைக்கே தைத்துக் கொடுத்த ஆல்ஃபா இண்டஸ்ட்ரீஸ் இன்றும் அந்தப் பெயரில் விற்கிறது. 1959இல் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லில் தொடங்கிய நிறுவனம் அது. அதற்குக் கீழே பெயரே இல்லாத நகல்கள் எத்தனையோ. வாங்கும்முன் விலையோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 500 வெள்ளிக்கு உட்பட்டு வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி. திரையில் 300 என்று பார்த்து மயங்கினால் கையில் 330.

நண்பர் ஒருவர் வாங்கிய நகலை ஒரு வாரம் இரவல் போட்டுப் பார்த்தேன். தூரத்தில் நின்றால் அசலேதான். சீட்டில் பாலியெஸ்டர்தான் பெரும்பங்கு, பருத்தி கொஞ்சம். அதனால் சீக்கிரம் காய்கிறது, அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிட வேண்டும். பட்டறைக்குள் மட்டும் கொண்டு போகவில்லை, இரவல் பொருளாச்சே. எனக்கு ஒத்து வராமல் போனது மணிக்கட்டில். அசல் கோட்டின் கைமுனையில் உள்ளே மடித்த முக்கோணத் துணி ஒன்று இருக்கும். விரித்துவிட்டால் புறங்கையை மூடிக்கொள்ளும், மேலே வெல்க்ரோவை இறுக்கிவிடலாம். கோட்டு வந்த முதல் மூன்று வருடம் அது எதற்கென்றே எனக்குத் தெரியாது, ஏதோ தையல் மிச்சம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கையுறையை மறந்துவிட்டு மோட்டாரில் போகும்போது காற்றே அதை விரித்துக் காட்டியது. நண்பரின் நகலில் முக்கோணம் இல்லை. இப்படி விட்டுவிடும் நகல்கள் ஏராளம். படத்தில் கைமுனை தெரியவில்லையென்றால் விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மழைக்கோட்டு செட்டையும் சொல்லிவிட வேண்டும். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், 35 வெள்ளிக்கு மேலும் கீழுமாக இரண்டு உருப்படி, உள்ளே ஒரு ஃபிளீஸ் சட்டை. மோட்டாரில் போகிறவர்களுக்கு, பட்டறை வேலை இல்லாதவர்களுக்கு, இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. உதறினால் காய்ந்துவிடும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் விடியற்காலையில் காய்கறித் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். எனக்கு மட்டும் இது வேர்வைப் பெட்டி. பொறிக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்காது, ஃபிளீஸ் அதைவிட மோசம்.

கடைசியில் சுற்றிச் சுற்றி வந்து நின்றது பழைய அசலிடமே. அதன் துணி பாதி பருத்தி, பாதி நைலான். முழுப் பருத்தி அளவுக்குப் பொறி தாங்காது, முழுப் பாலியெஸ்டர் அளவுக்குச் சீக்கிரம் காயாது. இரண்டிலும் இரண்டாம் இடம். நான்கு தேவையையும் சேர்த்துக் கூட்டினால் முதலிடம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதமும் கொஞ்சம் காசும் செலவு. ஜெர்மன் பார்க்காவை மறுபடி 40க்கு விற்றதைக் கழித்துச் சொல்கிறேன்.

ஈப்போவில் ஒரு பண்டல் கடையில் நான்கு எம்-65 இருந்தன. பழைய கோட்டு கற்றுக்கொடுத்ததை வைத்துப் பார்த்தேன். முதலில் தோள்பட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஒன்றில் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் ஒழுகியது, அதை அப்படியே மாட்டிவிட்டேன். அடுத்து உள்சீட்டு. எம்.ஐ.எல்.-சி-43455 என்ற விவர எண்ணும் டி.எஸ்.ஏ. அல்லது டி.எல்.ஏ. எண்ணும் இருக்க வேண்டும். அதே துறைக்கு 1977 வரை டி.எஸ்.ஏ. என்று பெயர், அதற்குப் பிறகு டி.எல்.ஏ. இரண்டாவது கோட்டில் பட்டாளத்துச் சீட்டே இல்லை, துவைக்கும் குறிப்பு மட்டும் இருந்தது. அசல் விலை கேட்டார்கள். மூன்றாவது அளவு லார்ஜ்-லாங், என்னை இரண்டு தடவை சுற்றும். நான்காவது டி.எல்.ஏ. 100-82, மீடியம்-ரெகுலர். இந்த அளவு மார்பு 37 முதல் 41 அங்குலம், உயரம் 67 முதல் 71 அங்குலம் வரை உள்ளவருக்கு. என் உயரம் 64. கை விரல்நுனி வரை வந்தது.

180 கேட்டார்கள், 150க்குப் படிந்தது. உள்சட்டை இல்லை.

நீளக் கையை அப்படியே விட்டால் என்ன என்று முதலில் தோன்றியது. முக்கோணமே வேண்டாமே, கையே மூடிவிடுகிறதே. கிரைண்டர் பக்கத்தில் நிற்கிற ஆள் தொளதொளக் கையோடு நிற்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அக்காவிடம் கொண்டு போனேன். அவர் கைமுனையைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“சும்மா மடிச்சுத் தைச்சா இந்த முக்கோணம் உள்ள போயிரும் தம்பி. பிரிச்சு எடுத்து மேல ஏத்தித் தைக்கணும். வெல்க்ரோவும் புதுசு போட்டுடறேன். முப்பது வெள்ளி.”

பழைய உள்சட்டையையும் எடுத்துப் போயிருந்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை, வெயில் படாமல் உள்ளேயே இருந்ததல்லவா. அது ஸ்மால். புதுக் கோட்டுக்குள் வைத்து மாட்டினால் கழுத்துப் பொத்தான்கள் சரியாக உட்கார்ந்தன. கீழே வர வர இரண்டு விரல் அளவுக்கு விலகிப் போனது. துணித்துண்டு வைத்துப் பொத்தான் மாட்டும் காதுகளை நீட்டிவிடலாம் என்றார் அக்கா. எந்தத் துணி என்று கேட்டேன். மேசையோரம் கிடந்த பழைய கோட்டைத் தாடையால் காட்டினார். முதுகுப்பக்கம் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறதாம்.

வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை கம்பளிச் சட்டைக்கு மேல் பாசார் மாலாம் மழைக்கோட்டு. நேற்று ராத்திரியும் கூப்பிட்டார்கள், இரண்டாம் விசிறி. பட்டறைக்குள் போகும் முன் ஞாபகமாகக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, நடுங்கிக்கொண்டே வெல்டிங் பிடித்தேன்.